கதிர் பொறுக்கப் போன ரூத் – கஷ்டத்தில் ஆண்டவர் நடத்தும் விதம்

(வேதப் பாடம். வாசிக்க வேண்டிய பகுதி: ரூத்தின் புத்தகம், 1 முதல் 4 வரையுள்ள அதிகாரங்கள்)



இம்முறை நாங்கள் பாடத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது வேதாகமத்தில் உள்ள ஒரு சின்னப் புத்தகம். நாலே நாலு அதிகாரம், 85 வசனங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் ஒரு பிள்ளை சத்தமாக வாசித்தால் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் அடுப்படியில் இருந்தபடியே கேட்கலாம். வயலில் கூலிக்கு வேலை செய்கிறவர்களின் கதை இது. ஆகையால் நம்ம ஆட்களுக்கு விளங்காத விசயம் இதில் அதிகம் கிடையாது. கிறிஸ்தவர்கள் அல்லாத வாசகர்களும் வாசித்துப் பாருங்கள். கஷ்டம் எல்லா லயத்துக்கும் பொதுவானதுதானே.

இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது ஒரு அம்மா கேட்ட கேள்வி. சில வருசங்களுக்கு முன்னம், நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் அந்த அம்மாவின் கணவர் நோயில் இறந்துபோனார். பதினொரு மாதம் போவதற்குள், கொழும்பில் கடையில் நின்ற மூத்த மகனும் வீதி விபத்தில் இறந்தான். செய்தி கேட்டு நாங்கள் லயத்துக்குப் போனோம். இஸ்தோப்பில் உட்கார்ந்து, எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். “அம்மா, கவலப்படாதீங்க. எல்லாம் ஆண்டவரோட சித்தம். எல்லாத்தையும் நன்மைக்குத்தான் செய்வாரு” என்றோம்.

அந்த அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். “ஐயா, ஒங்க வீட்ல பதினோரு மாசத்துல ரெண்டு சாவு விழுந்திருந்து, யாராச்சும் வந்து இதே வார்த்தய சொன்னா நீங்க தாங்குவீங்களா?” என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தோம். நாங்கள் சொன்னது வேதத்தில் இல்லாத விசயம் அல்ல. ஆனால் சொன்ன நேரமும் சொன்ன விதமும் பிழை. யோபுவின் கதையிலும் இப்படித்தான் நடந்தது. அவருடைய சிநேகிதர் மூவரும் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்து காரணம் சொல்லப் போனபோதுதான் கெட்டுப்போனது. கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபு மேல் அல்ல, காரணம் சொன்ன அந்தச் சிநேகிதர் மேல்தான்.

அப்படியானால் கஷ்டத்தில் ஆண்டவர் நம்மை நடத்துகிறார் என்று எப்படி நம்புவது? நம்புகிறவர் என்ன செய்ய வேண்டும்? ரூத்தின் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

1. பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம் (ரூத் 1:1-5)

பெத்லகேமில் பஞ்சம் வந்தது. பெத்லகேம் என்ற எபிரெயப் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று அர்த்தம். அப்பத்தின் வீட்டிலேயே அப்பம் இல்லை. எலிமெலேக்கு என்ற மனிதர் மனைவி நகோமியையும், மக்லோன், கிலியோன் என்ற இரண்டு மகன்மாரையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசத்துக்குப் போனார். அது சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள மேட்டுநாடு. பாசை வேறு, சாமி வேறு, சனம் வேறு.

இந்த இடத்தில் நம்ம முப்பாட்டன்மாரை நினைக்காமல் இருக்க முடியாது. அவர்களும் பஞ்சத்தாலும் கடனாலும் ஊரைவிட்டு வந்தவர்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாக நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டுப் பக்கம் கொடும் பஞ்சம் பட்டபோது இன்னும் பெருந்தொகையான சனம் வந்து சேர்ந்தது. அந்தப் பாதையை நினைவுகூர்ந்துதான் 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பாதயாத்திரை நடந்தது. எனவே நகோமியின் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

மோவாபில் எலிமெலேக்கு இறந்தார். மகன்மார் இருவரும் அந்த ஊர்ப் பெண்களைக் கட்டினார்கள். ஏறக்குறைய பத்து வருசத்துக்குப் பிறகு அவர்களும் இறந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று விதவைகள்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். இவர்கள் ஏன் இறந்தார்கள் என்று இந்தப் புத்தகம் சொல்லவே இல்லை. பாவம் செய்ததால் என்றும் இல்லை, விசுவாசம் குறைந்ததால் என்றும் இல்லை. வேதமே காரணம் சொல்லாத இடத்தில் நாம் காரணம் கண்டுபிடிக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அன்று தப்பியவர்களை ஆண்டவர் நடத்தினார், செத்தவர்களை விட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால், அது விசுவாசம் அல்ல, அவசரப் பேச்சு. மண்ணுக்குள் போனவர்களுக்காக அழத்தான் வேண்டும். மலையில் வெடிப்பு கண்டால் உடனே அறிவித்து இடம் மாறத்தான் வேண்டும். காரணத்தை ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டும்.

2. கசப்பை மறைக்காத நகோமி (ரூத் 1:6-22)

பெத்லகேமில் மறுபடி சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு நகோமி ஊருக்குத் திரும்பினார். மருமகள்மார் இருவரையும் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னார். ஓர்பாள் அழுதுகொண்டு திரும்பிப் போனாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை, மாமியார் சொன்னதைத்தான் செய்தாள். ரூத் போகவில்லை. மாமியார் எங்கே போனாலும் தானும் கூட வருவதாகச் சொன்னாள். சாவு ஒன்றுதான் தங்களைப் பிரிக்கும் என்று ஆணையிட்டாள்.

ஊருக்குள் வந்ததும் பெண்கள் எல்லாம் கூடி, இது நகோமிதானா என்று கேட்டார்கள். நகோமி என்றால் ‘இனிமையானவள்’ என்று அர்த்தம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? இனி அந்தப் பெயரால் கூப்பிட வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள் என்றார். மாராள் என்றால் ‘கசப்பு’. நிறைவாகப் போன தன்னை ஆண்டவர் வெறுங்கையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று ஊரார் முன்னாலேயே சொன்னார்.

நம்மில் சிலர், விசுவாசிகள் அழக் கூடாது, முறைப்பாடு சொல்லக் கூடாது என்று நினைக்கிறோம். சாவு வீட்டில் அழுகிற ஆளைப் பார்த்து, “விசுவாசம் இல்லியா?” என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நகோமி ஆண்டவர் மேலேயே முறைப்பாடு சொன்னார். அதற்காக அவருக்குத் தண்டனை கிடைத்ததாக எங்கேயும் எழுதப்படவில்லை.

அதோடு இன்னொன்றையும் பாருங்கள். நகோமியின் வாய் முறைப்பாடு சொன்னது. ஆனால் கால் எந்தப் பக்கம் நடந்தது? பெத்லகேமைப் பார்த்துத்தானே நடந்தது! ஆண்டவர் தம் சனத்துக்குச் சாப்பாடு கொடுத்தார் என்ற செய்தியைக் கேட்டு, அதை நம்பித்தான் அவர் புறப்பட்டார். வாயில் கசப்பும் காலில் நம்பிக்கையும் ஒரே நேரத்தில் இருக்கலாம். மனம் தெளிந்த பிறகுதான் நடக்க வேண்டும் என்று காத்திருந்தால் நம்மில் பலர் காம்பராவை விட்டு வெளியில் வரவே மாட்டோம்.

வெறுங்கையாக வந்தேன் என்று சொன்ன நேரத்தில் நகோமியின் பக்கத்தில் ரூத் நின்றுகொண்டிருந்தாள். துக்கத்தில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது குற்றம் அல்ல. ஆனால் ஆண்டவருடைய உதவி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாகிவிட்டது.

நாங்கள் முன்னம் சொன்ன அம்மாவுக்கும் இப்படி ஒரு ஆள் இருந்தார். பக்கத்துக் காம்பராப் பெண். அவர் வேதம் வாசிக்கிறவர் அல்ல, மாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறவர். நாங்கள் வார்த்தை சொல்லிவிட்டு வந்தோம். அவர் பிளேன்டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ராத்திரியில் அந்த அம்மாவோடு அங்கேயே படுத்துக்கொண்டார். எட்டாம் நாள் ஜெபம் முடிந்து சில நாள் கழித்து, விடியற்காலையில் கதவைத் தட்டி, “அக்கா, எந்திரிங்க. படங்க கட்டுங்க. இன்னிக்கி என்கூட ஒரே நெரையில நில்லுங்க” என்று மலைக்குக் கூட்டிப் போனார். ரூத்தும் இஸ்ரவேல் சாதியில் பிறந்தவள் அல்ல என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

3. சத்தமும் இல்லை, சொப்பனமும் இல்லை (ரூத் 2:1-3)

மோசேக்கு எரிகிற முட்செடி தெரிந்தது. யோசேப்புக்குச் சொப்பனம் வந்தது. எலியாவுக்குக் காகம் சாப்பாடு கொண்டுவந்தது. ஆனால் ரூத்தின் புத்தகத்தில் முதலிலிருந்து கடைசிவரை தேடிப் பாருங்கள். ஒரு தேவதூதனும் வரவில்லை. ஒரு சொப்பனமும் இல்லை. வானத்திலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆண்டவர் இதைச் செய்தார் என்று கதை சொல்கிறவரே நேராகச் சொல்லும் இடம் இரண்டுதான். ஒன்று, ஊருக்குச் சாப்பாடு கொடுத்தது (1:6). மற்றது, கடைசியில் ரூத்துக்குப் பிள்ளை கொடுத்தது (4:13). இடையில் நடந்ததெல்லாம் சாதாரண மனிதரின் அன்றாட வேலை.

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான விசயம். ஆண்டவருடைய நடத்துதல் என்றால் பலரும் பெரிய அடையாளத்தை எதிர்பார்க்கிறோம். சிலர் சாஸ்திரக்காரரிடமும் போகிறோம். ரூத் என்ன செய்தாள்? வீட்டில் சாப்பாடு இல்லை. வெளியில் வாற்கோதுமை அறுப்பு ஆரம்பித்திருந்தது. மாமியாரிடம் கேட்டுக்கொண்டு கதிர் பொறுக்கப் போனாள், அவ்வளவுதான். அவள் போய் நின்ற வயல் போவாஸ் என்பவருடையது. அவர் எலிமெலேக்கின் உறவுக்காரர். ரூத்துக்கு அது தெரியாது. தற்செயலாக நேர்ந்தது என்றே வேதம் சொல்கிறது.

அன்றைக்குக் காலையில் ரூத்தைப் பார்த்து, “ஆண்டவர் ஒன்னைய எங்க நடத்துறாரு?” என்று கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. வயிற்றுப் பசி தெரியும், அறுப்புக் காலம் தெரியும், வயலுக்குப் போகிற வழி தெரியும். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எடுக்கக்கூடிய அடுத்த அடியை எடுத்தாள். மலையில் மூடுபனி இறங்குகிற நாளில் நாமும் அப்படித்தானே நடக்கிறோம்? தூரத்தில் இருக்கிற ஸ்டோர் தெரியாது. முன்னால் இருக்கிற நாலு செடி தெரியும். அந்த நாலு செடியைத் தாண்டினால் அடுத்த நாலு செடி தெரியும்.

4. சட்டத்துக்குள் இருந்த ஆண்டவரின் கை (லேவியராகமம் 19:9-10, உபாகமம் 24:19-22)

ரூத் கதிர் பொறுக்கியதைப் பிச்சை என்று நினைக்க வேண்டாம். அது அவளுடைய உரிமை. அறுக்கும்போது வயலின் ஓரத்தைச் சுத்தமாக அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது என்று மோசேயின் காலத்திலேயே சட்டம் இருந்தது. அதெல்லாம் ஏழைக்கும் பரதேசிக்கும், தகப்பன் இல்லாத பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. ரூத் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே அவளுக்கான சாப்பாட்டை ஆண்டவர் ஒரு சட்டத்துக்குள் வைத்திருந்தார். ஆனால் அவள் எழும்பிப் போய் எடுக்க வேண்டியிருந்தது.

நமக்கும் அப்படிச் சில சட்டங்கள் உண்டு. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம்ம சம்பளத்தில் 8 வீதமும் தோட்ட நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் 3 வீதம் கட்ட வேண்டும். 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து வருசம் வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். தொழிலாளி இறந்துபோனால் இவையெல்லாம் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம். யாரும் தருகிற தர்மம் அல்ல.

அந்த அம்மாவின் கணவர் பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, விவாகச் சான்றிதழில் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருந்தது. நம்ம தோட்டங்களில் இது எத்தனை வீட்டில் இருக்கிறது! ஆவணம் போதாது என்று ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸுக்குக் காசு சேர்த்துக்கொண்டு மறுபடி போனார். இறந்தவரும் அந்தப் பெயர்க்காரரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் கடிதம் எடுத்து, தோட்டத் தலைவரும் நாங்களும் கூடப்போய், கடைசியில் பணம் கைக்கு வர பதினான்கு மாதம் சென்றது. ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன்னால் அந்த அம்மா ஜெபித்தார். ஜெபித்துவிட்டுப் பஸ் ஏறினார். ஜெபமும் பஸ்ஸும் அவருக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

ஆகவே உறவுகளே, உங்கள் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். நமக்குப் பிறகு பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோமா என்றும் பாருங்கள். இதுவும் விசுவாசத்தின் வேலைதான்.

5. வயல்காரரும் மேற்பார்வைக்காரரும் (ரூத் 2:4-23)

போவாஸ் வயலுக்கு வந்ததும் முதலில் வேலைக்காரர்களை ஆண்டவர் பெயரால் வாழ்த்தினார். அவர்களும் வாழ்த்தினார்கள். வேலை வாங்குகிறவரும் வேலை செய்கிறவரும் அப்படிப் பேசிக்கொண்ட வயல் அது. புதுப் பெண்ணைக் கண்டு, யார் என்று மேற்பார்வை பார்த்தவனிடம் விசாரித்தார். அவன் பொய் சொல்லவில்லை, இளக்காரமாகவும் பேசவில்லை. மோவாபிலிருந்து நகோமியோடு வந்த பெண், காலையிலிருந்து நின்று வேலை செய்கிறாள் என்று உள்ளதைச் சொன்னான். கங்காணிமாரே, உங்கள் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் நாள் நல்லதாகவும் ஆகும், கெட்டும் போகும்.

போவாஸ் செய்தவை பெரிய அற்புதங்கள் அல்ல. இளைஞர்கள் யாரும் அவளைத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டார். தாகம் எடுத்தால் குடங்களில் இருக்கிற தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். மத்தியானம் தங்களோடு உட்கார்த்தி வறுத்த தானியம் கொடுத்தார். கை நிறையக் கதிரை வேண்டுமென்றே கீழே விடுங்கள், அவள் பொறுக்கட்டும், அதட்ட வேண்டாம் என்று ஆட்களிடம் சொன்னார். தண்ணீர், சாப்பாடு, மரியாதை, பெண்ணுக்குப் பாதுகாப்பு, இந்த நாலும்தான். இன்றைக்கும் ஒரு மலையில் இந்த நாலும் இருந்தால் அங்கே வேலை செய்கிற பெண்களுக்குப் பாதிக் கஷ்டம் குறையும்.

சாயங்காலம் ரூத் கதிரை அடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது. அந்தக் காலத்து எபிரெய அளவில் இன்றைய 20 லீட்டருக்கு மேல் என்கிறார்கள். அதைச் சுமந்துகொண்டு போனாள். மத்தியானம் தின்று மீந்ததையும் மாமியாருக்காக எடுத்து வைத்திருந்தாள். தேநீர் நேரத்தில் கிடைத்த பணிசில் பாதியைப் பிள்ளைக்கு என்று முடிந்து வைக்கிற நம்ம தாய்மாருக்கு இது நன்றாக விளங்கும்.

அந்த ராத்திரி, மாராள் என்று கூப்பிடச் சொன்ன நகோமியின் வாயிலிருந்து ஆண்டவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தது. யாரும் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு நாள் வேலையின் தானியமும், மருமகள் கொண்டுவந்த மிச்சச் சாப்பாடும்தான் பேசின.

அதற்குப் பிறகும் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. வாற்கோதுமை அறுப்பு முடிந்து கோதுமை அறுப்பு முடியும் வரைக்கும், ஏறக்குறைய ஏழு வாரம், ரூத் அதே வேலைக்குத்தான் போனாள். நம்பிக்கை என்பது ஒரு நாள் ஜெபக் கூட்டத்தில் வருகிற உற்சாகம் மட்டும் அல்ல. ஏழு வாரமும் விடியற்காலையில் எழும்புவதும் நம்பிக்கைதான்.

6. ஊர் வாசலில் நடந்த தீர்ப்பு (ரூத் 3, 4 அதிகாரங்கள்)

மூன்றாம் அதிகாரத்தில் நகோமியின் யோசனைப்படி ரூத் போவாஸிடம் தன்னைக் கட்டிக்கொள்ளும்படி கேட்டாள். இறந்தவரின் நிலத்தையும் பெயரையும் காப்பாற்ற நெருங்கிய உறவினர் முன்வருவது அந்தச் சனத்தின் வழக்கம். போவாஸ் காரியத்தை இரகசியமாக முடிக்கவில்லை. தன்னைவிட நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் இருந்தபடியால், ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களைச் சாட்சிக்கு உட்கார வைத்துப் பேசினார். மற்றவர் முடியாது என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதுதான் அன்றைய கையெழுத்து. அதன்பிறகுதான் போவாஸ் ரூத்தைக் கட்டினார். நல்ல காரியம் என்றாலும் சாட்சியோடும் ஒழுங்கோடும் செய்ய வேண்டும்.

பிள்ளை பிறந்தது. ஓபேத் என்று பேர் வைத்தார்கள். நகோமி அவனை மடியில் வைத்து வளர்த்தார். ஓபேத்தின் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது ராஜா. மத்தேயு சுவிசேசத்தின் முதல் அதிகாரத்தில், இயேசுவின் வம்ச வரிசையில், இந்த மோவாபியப் பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கதிர் பொறுக்கிய கை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். ஆனால் ரூத்துக்கோ நகோமிக்கோ இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது மடியில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான். நடத்தின வழி திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. சில நேரம் நம்ம பேரப்பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எலிமெலேக்கு திரும்பி வரவில்லை. மக்லோனும் கிலியோனும் திரும்பி வரவில்லை. புதுப் பிள்ளை வந்ததால் பழைய சாவு இல்லாமல் போய்விடாது. ஆண்டவர் நகோமியின் துக்கத்தை அழித்துவிடவில்லை, அந்தத் துக்கத்தோடேயே அவரை வாழ வைத்தார்.

7. நம்பிக்கை என்று தவறாக நினைக்கப்படுகிறவை

ஒன்று, கையைக் கட்டிக்கொண்டிருப்பது. “ஆண்டவர் பாத்துக்குவாரு” என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல், மருந்தை நிறுத்திவிட்டு இருப்பது நம்பிக்கை அல்ல. மருந்தும் ஆண்டவர் தந்த கதிர்தான், போய்ப் பொறுக்க வேண்டும்.

இரண்டு, அடியைச் சகிப்பது. புருசன் குடித்துவிட்டு அடிப்பதைச் சிலுவை என்று சொல்லி மறைக்கிற பெண்கள் உண்டு. போவாஸ் முதலில் போட்ட கட்டளையே அந்தப் பெண்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பதுதான். உதவி கேளுங்கள்.

மூன்று, யோசிக்காமல் கடன் எடுப்பது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் அரிசிக்கும் மாவுக்கும் நாம் பட்ட பாடு மறக்க முடியாது. அப்போது எடுத்த கடனைக் கட்ட மறு கடன் எடுத்து நகையை இழந்தவர்கள் உண்டு. ‘ஆண்டவர் வழி திறப்பார்’ என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வட்டி எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு என்று பிள்ளையிடமாவது கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நான்கு, மற்றவரின் துக்கத்துக்குக் காரணம் சொல்வது. இந்தப் பிழையை நாங்களே செய்தோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

முடிவாக

பணம் வந்த அன்றைக்கு அந்த அம்மா எங்களிடம் வந்தார். “காசு வந்துருச்சு ஐயா. மனுசனும் புள்ளையும் வரலியே” என்றார். இம்முறை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா கூட உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஆனா ஒண்ணு ஐயா. அன்னிக்கி அவ வந்து கதவத் தட்டலேன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். அவளுக்கு எங்க சாமிய தெரியாது. எங்க சாமிக்கு அவள தெரிஞ்சிருக்கு.”

இதைவிட நல்ல வேத வியாக்கியானம் நாங்கள் கேட்டது கிடையாது. ஆண்டவர் நடத்துவாரா என்று கேட்கிறவர்களே, உங்கள் கதவைத் தட்டுகிற ஆளைப் பாருங்கள். அப்படி யாரும் வரவில்லையா? பக்கத்துக் காம்பராவில் எழும்பாமல் கிடக்கிற ஒருவரின் கதவை நீங்கள் போய்த் தட்டுங்கள். ஒருவேளை அவர் கேட்ட ஜெபத்துக்குப் பதில் நீங்களாக இருக்கலாம்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நகோமி ஊராரிடம் தன் கசப்பைச் சொன்னார். நம்ம வீட்டில் மனக்கசப்பைச் சொல்ல இடம் இருக்கிறதா?

2. ரூத்தின் புத்தகத்தில் ஆண்டவர் யார் யார் மூலமாக உதவி செய்தார்? பெயர்களை எண்ணிப் பாருங்கள்.

3. இப்போது நமக்கு இருக்கிற கஷ்டத்தில், நாளைக்கே எடுக்கக்கூடிய ஒரு சின்ன அடி எது?

4. நம்ம லயத்தில் துக்கத்தோடு தனியாக இருக்கிறவர் யார்? இந்த வாரம் அவருக்கு நாம் என்ன செய்யலாம்?

ஜெபம்

அன்பான ஆண்டவரே, எங்கள் கஷ்டங்களுக்குக் காரணம் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் நீர் எங்களோடு இருக்கிறீர் என்று நம்ப உதவி செய்யும். தூரத்து வழி தெரியாவிட்டாலும் நாளைக்கு எடுக்க வேண்டிய அடியைக் காட்டும். எங்களுக்கு உரியதைத் துணிவாகக் கேட்கவும், மற்றவருக்கு உரியதை மறுக்காமல் கொடுக்கவும் செய்யும். துக்கப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கப் பொறுமை தாரும். ஆமென்.